எச்சம் தெரிந்தால் பிரெஞ்சு எளிது

நம் எல்லைப்புற ஊர்களில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "பிளஸ் ஒன்னுக்குத் தமிழ் எதற்கு? பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண்ணும் கிடைக்கும், வெளிநாட்டுக்கும் உதவும்" என்பதே அது. கேரள மேல்நிலைப் படிப்பின் இரண்டாம் மொழிப் பட்டியலில் மலையாளம், தமிழ், இந்தி, அரபி, சமஸ்கிருதம் ஆகியவற்றோடு பிரெஞ்சும் இருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெற்றோரும், மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிப் பெற்றோரும் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிரான்சுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், கனடாவின் கியூபெக்குக்குக் குடியேற விண்ணப்பிக்கும் குடும்பங்கள் என்று தேவையும் இருக்கத்தான் செய்கிறது.

நான் மொழிப் பேராசிரியன் அல்லன். பொறியியலில் டிப்ளமா படித்து, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் குடும்பம் பிரான்சில் இருப்பதால், ஓய்வுக்குப் பிறகு கோயம்புத்தூர் வகுப்பொன்றுக்கு வாரம் இருமுறை ரயிலேறிப் போய்ப் பிரெஞ்சு கற்றேன். வகுப்பில் எல்லோரையும் திணறவைக்கும் பாடங்கள் இரண்டு. ஒன்று 'பார்திசீப்' என்னும் எச்ச வடிவங்கள். மற்றது 'சுப்ஜோன்க்திஃப்' என்னும் வினை வடிவம். ஆங்கிலத்தின் வழியாக இவற்றைப் புரிந்துகொள்ள முயன்ற இளைஞர்கள் சோர்ந்துபோனார்கள். பள்ளிக்கூடத்தில் நன்னூல் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவருக்கோ பாதி வழி முன்பே போட்டு வைத்திருந்தது. அந்த வழியைத்தான் இங்கே காட்ட விரும்புகிறேன்.

ஒரு குறிப்பு. வீட்டிலுள்ள பெரியவர்களும் படிக்க வேண்டும் என்பதால் பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் பார்த்துக்கொள்ளலாம். பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து பெரும்பாலும் ஒலிப்பதில்லை. 'ஆன்', 'ஏன்' என முடியும் இடங்களில் 'ன்' நாக்கில் படாமல் மூக்கோடு நின்றுவிடும்.

1. பெயரே சொல்லும் பொருள்

'வந்தான்' என்றால் வாக்கியம் முடிந்தது. 'வந்த' என்றால் ஒரு பெயரை எதிர்பார்த்து நிற்கிறது, அது பெயரெச்சம். 'வந்து' என்றால் இன்னொரு வினையை எதிர்பார்த்து நிற்கிறது, அது வினையெச்சம். முடியாமல் எஞ்சி நிற்பதால் எச்சம். கப்ளிங் மாட்டாத வாகன் போல, அடுத்ததோடு சேர்ந்தால்தான் ஓடும்.

பிரெஞ்சுக்காரர் 'பார்திசீப்' என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த பெயர். 'பங்கு கொள்வது' என்று பொருள். வினையின் குணத்திலும் பெயரடையின் குணத்திலும் அது பங்கு கொள்கிறது. நம் இலக்கணக்காரர் எது குறைகிறது என்று பார்த்துப் பெயர் வைத்தார்கள். அவர்கள் எது சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வைத்தார்கள். இரண்டு பெயரும் குறிப்பது ஒரே இனத்துப் பொருளைத்தான்.

2. 'ஆன்' என முடியும் எச்சம்

நிகழ்கால எச்சம் 'ஆன்' என்று முடியும். பேசு என்பதற்கு 'பார்லான்', படி என்பதற்கு 'லிஸான்', வெளியே போ என்பதற்கு 'ஸொர்தான்'.

'யூன் தாம் பார்லான் தமூல்' என்றால் 'தமிழ் பேசுகிற ஒரு பெண்மணி'. நம்முடைய பெயரெச்சமேதான். இடம் மட்டும் மாறுகிறது. நாம் எச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம், அவர்கள் பின்னால் வைக்கிறார்கள். பெயர் ஆணோ பெண்ணோ, ஒன்றோ பலவோ, இந்த எச்சம் உருமாறாது. 'பேசுகிற' என்பதும் அப்படித்தானே?

இதற்கு முன்னால் இன்னொரு 'ஆன்' சேர்ந்தால் அது வினையெச்சம் ஆகிவிடும். 'எல் மான்ஜ் ஆன் லிஸான்' என்றால் 'அவள் படித்துக்கொண்டே சாப்பிடுகிறாள்'. முன்னால் வரும் 'ஆன்' என்பதை நம்முடைய 'கொண்டே' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான விதி. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்று நாம் படித்திருக்கிறோம். 'ராமன் வந்து உட்கார்ந்தான்' என்றால் வந்தவனும் ராமன், உட்கார்ந்தவனும் ராமன். பிரெஞ்சிலும் 'ஆன்' சேர்ந்த எச்சத்துக்கு இதே கட்டுப்பாடு. இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்:

'ஜே வ்யூ ராமன் ஸொர்தான் தெ லா கார்.' நிலையத்திலிருந்து வெளியே வருகிற ராமனைப் பார்த்தேன். வெளியே வந்தவன் ராமன்.

'ஜே வ்யூ ராமன் ஆன் ஸொர்தான் தெ லா கார்.' நிலையத்திலிருந்து வெளியே வரும்போது ராமனைப் பார்த்தேன். வெளியே வந்தவன் நான்.

ஒரே ஒரு சின்னச் சொல், ஆள் மாறிவிட்டது. பாடநூலில் இதற்கு அரைப்பக்கம் விளக்கம் இருக்கும். 'இது பெயரெச்சம், அது வினையெச்சம்' என்று சொன்னால் தமிழ் படித்த பிள்ளைக்கு அரை நிமிடம் போதும்.

3. ஒரு பெயரெச்சம், ஆறு வேலை

இனி, நம்மவர் தடுமாறும் இடம். இங்கே தடுமாற்றம் வருவது நம் மொழி வசதி மிகுந்தது என்பதால்தான்.

நம் பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூல் சொல்கிறது. 'எழுதின' என்ற ஒரு சொல்லை வைத்துப் பார்ப்போம். எழுதின பையன் என்றால் செய்தவன். எழுதின பேனா என்றால் கருவி. எழுதின பள்ளிக்கூடம் என்றால் இடம். எழுதின எழுத்து என்றால் செயல். எழுதின நாள் என்றால் காலம். எழுதின கடிதம் என்றால் செயப்படுபொருள். பையன் எழுதினான், பேனாவால் எழுதினான், பள்ளிக்கூடத்தில் எழுதினான் என்ற உறவையெல்லாம் கேட்பவர் தாமே புரிந்துகொள்கிறார். மலையாளத்திலும் இதே வசதி உண்டு.

பிரெஞ்சு எச்சத்துக்கு இவ்வளவு வேலை தெரியாது. எழுது என்பதன் இறந்தகால எச்சம் 'எக்ரி'. அது செயப்படுபொருளோடு மட்டுமே நேராகச் சேரும். அதுவும் 'எழுதப்பட்ட' என்ற பொருளில். 'ஆன்' என முடியும் எச்சம் செய்பவரோடு மட்டுமே சேரும். மற்றவற்றுக்கு வேறு வேறு இணைப்புச் சொற்கள் வேண்டும். எழுதின பையன் 'கி' என்ற சொல்லால் இணைவான். எழுதின கடிதம் 'கெ' என்பதால் இணையும். எழுதின இடமும் எழுதின நாளும் 'ஊ' என்பதால் இணையும். எழுதின பேனாவுக்கு 'அவெக் லெகெல்', அதாவது 'எதைக்கொண்டோ அது' என்று சுற்றி வர வேண்டும்.

ஆகவே 'எழுதின', 'பார்த்த', 'போன' என்று மனத்தில் வந்தவுடன் பிரெஞ்சு எச்சத்தைத் தேடக்கூடாது. முதலில், வரப்போகும் பெயர் ஆறு வகையில் எது என்று கேட்க வேண்டும். செய்தவனா? 'கி'. செயப்படுபொருளா? 'கெ'. இடமா, காலமா? 'ஊ'. இந்த ஒரு கேள்விப் பழக்கம் வந்துவிட்டால், ஆங்கிலவழி மாணவன் மனப்பாடம் செய்யும் பட்டியல் நமக்குத் தேவையில்லை.

4. ஏறு, ஏற்று, இறங்கு, இறக்கு

பிரெஞ்சில் நடந்து முடிந்ததைச் சொல்ல இறந்தகால எச்சத்தோடு ஒரு துணைவினையைச் சேர்க்கிறார்கள். துணைவினைகள் இரண்டு: ஒன்று 'இரு' என்னும் பொருளுடைய 'எத்ர்'; மற்றது 'உடைமை' குறிக்கும் 'ஆவ்வார்'. பெரும்பாலான வினைகளுக்கு இரண்டாவதே வரும். போ, வா, ஏறு, இறங்கு, பிற, இற, தங்கு, விழு, புறப்படு போன்ற சில வினைகளுக்கு மட்டும் 'இரு' வரும்.

'லெ த்ரேன் ஏ தாரிவே' என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'வண்டி வந்து இருக்கிறது'. நாம் 'வந்திருக்கிறது' என்று சொல்லும் அதே கட்டுமானம். ஆனால் ஓர் எச்சரிக்கை. பேச்சுப் பிரெஞ்சில் சாதாரண இறந்தகாலத்துக்கும் இதுவே வடிவம். 'வண்டி நேற்று வந்தது' என்பதற்கும் இதையேதான் சொல்வார்கள்.

எந்த வினைக்கு எந்தத் துணைவினை என்பதை வகுப்பில் பாட்டுப் போல ஒப்பிக்கச் சொல்வார்கள். ஒப்பித்தாலும், சில வினைகள் இரண்டு பக்கமும் போவதைக் கண்டு மாணவர்கள் குழம்புவார்கள். நமக்கோ அது இரண்டாம் இயல்பு. பாருங்கள்:

'ஜெ ஸ்வி தெஸான்த்யூ': நான் இறங்கினேன். இங்கே 'எத்ர்'.
'ஜே தெஸான்த்யூ லா வாலீஸ்': நான் பெட்டியை இறக்கினேன். இங்கே 'ஆவ்வார்'.

'ஜெ ஸ்வி மோன்தே': நான் ஏறினேன்.
'ஜே மோன்தே லா வாலீஸ்': நான் பெட்டியை ஏற்றினேன்.

இறங்கு, இறக்கு, ஏறு, ஏற்று, திரும்பு, திருப்பு. தன்வினையும் பிறவினையும்! நாம் வினையின் உடம்பிலேயே மெய்யெழுத்தை வலித்து வேறுபாட்டைக் காட்டுகிறோம். பிரெஞ்சுக்காரர் வினையை அப்படியே விட்டுவிட்டுத் துணைவினையை மாற்றிக் காட்டுகிறார். எண்ணம் ஒன்று, இயந்திரம் வேறு.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். 'படி ஏறினேன்' என்பதில் நாம் 'ஏற்றினேன்' என்று சொல்வதில்லை. பிரெஞ்சில் படி அங்கே செயப்படுபொருளாகக் கருதப்படுவதால் 'ஜே மோன்தே லெஸ்காலியே' என்று 'ஆவ்வார்' வரும். ஆகவே முதலில் தமிழின் தன்வினை, பிறவினையைப் பாருங்கள். பிறகு வினைக்கு நேரே செயப்படுபொருள் ஏதும் நிற்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

5. பால் காட்டும் எச்சம்

'எத்ர்' சேர்ந்த எச்சம் எழுவாயின் பாலையும் எண்ணையும் காட்டும். 'இல் ஏ மோர்' என்றால் அவன் இறந்தான். 'எல் ஏ மோர்த்' என்றால் அவள் இறந்தாள். கடைசி 'த்' பெண்பாலின் அடையாளம்.

இங்கே நம் எல்லைப்புறப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்தில் அவனும் அவளும் அதுவும் 'வந்நு'தான். வினையில் ஆள், பால் காட்டும் ஈறுகள் மறைந்துபோனதை ஏ. ஆர். ராஜராஜ வர்மா தமது 'கேரள பாணினீயம்' நூலில் 'புருஷபேத நிராஸம்' என்று பெயரிட்டு விளக்குகிறார். மலையாள வழியில் மட்டுமே படித்து, வீட்டிலும் 'அம்மா வந்து, அப்பா வந்து' என்று முடித்துவிடும் பிள்ளைக்குப் பிரெஞ்சில் இந்த 'த்' ஏன் வருகிறது என்பது புதிராக இருக்கும். 'வந்தான், வந்தாள்' என்று நாவில் பழகிய பிள்ளைக்கு, வினை ஆளைப் பார்த்து மாறும் என்பது புதுச்செய்தி அல்ல.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பிரெஞ்சில் அஃறிணை இல்லை. ஒவ்வொரு பொருளும் ஆண் அல்லது பெண். ரயில் ஆண், நிலையம் பெண். 'லெ ப்யூரோ ஏ தூவேர்' என்றால் அலுவலகம் திறந்திருக்கிறது. 'லா கார் ஏ தூவேர்த்' என்றால் நிலையம் திறந்திருக்கிறது. இதில் தர்க்கம் தேடிப் பயனில்லை. சொல்லைக் கற்கும்போதே 'லெ', 'லா' என்ற முன்னொட்டோடு சேர்த்தே கற்க வேண்டும்.

'ஆவ்வார்' சேரும்போது இன்னொரு விதி. செயப்படுபொருள் பின்னால் வந்தால் எச்சம் மாறாது. முன்னால் வந்தால் அதன் பாலைக் காட்டும். 'ஜே எக்ரி லா லெத்ர்': கடிதம் எழுதினேன். 'லா லெத்ர் கெ ஜே எக்ரீத்': நான் எழுதின கடிதம். கடிதம் பெண்பால், முன்னால் வந்துவிட்டது. அதனால் 'எக்ரி' என்பது 'எக்ரீத்' ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் க்ளெமான் மரோ என்ற கவிஞர் இத்தாலிய வழக்கைக் காட்டி வலியுறுத்திய விதி இது. பிரெஞ்சுக்காரப் பிள்ளைகளே பள்ளியில் இதற்காகச் சிவப்பு மை வாங்குகிறார்கள். நாம் இப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம்: எழுதுகிறவருக்குப் பொருள் இன்னதென்று முன்பே தெரிந்துவிட்டால் அதற்கேற்ப எச்சத்தை எழுதுகிறார், தெரியுமுன் எழுதினால் பொதுவாக எழுதிவிட்டுப் போகிறார்.

6. 'வேண்டும்' என்னும் திறவுகோல்

இனி சுப்ஜோன்க்திஃப். இக்கட்டுரைக்காக இதை 'விழைவு வினை' என்று அழைக்கிறேன். நடந்ததை, நடப்பதைச் செய்தியாகச் சொன்னால் சாதாரண வினை. விருப்பம், தேவை, ஐயம், அச்சம் என்று மனத்தில் நிற்பதைச் சொன்னால் விழைவு வினை. ரயில்வேக்காரன் பாஷையில் சொன்னால் முதலாவது மெயின் லைன், இரண்டாவது லூப் லைன். இடையில் வரும் 'கெ' என்ற சொல்தான் பாயிண்ட். ஆனால் பாயிண்டை எந்தப் பக்கம் போடுவது என்று தீர்மானிப்பது அதற்கு முன்னால் வரும் வினை.

புறப்படு என்ற வினையை எடுத்துக்கொள்வோம். 'இல் பார்' என்றால் அவன் புறப்படுகிறான். இதன் விழைவு வடிவம் 'பார்த்'.

'இல் ஃபோ கெ த்யூ பார்த்': நீ புறப்பட வேண்டும்.

இந்த வாக்கியத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நம்முடைய 'வேண்டும்' ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. நான் புறப்பட வேண்டும், நீ புறப்பட வேண்டும், அவர்கள் புறப்பட வேண்டும். பேச்சில் 'புறப்படணும்', மலையாளத்தில் 'புறப்பெடணம்'. எல்லாம் ஒரே மாதிரி. 'இல் ஃபோ' என்பதும் அப்படியே. ஒரே உருவம்தான், ஆள் மாறினாலும் மாறாது. அதில் வரும் 'இல்' ஒரு ஆளைக் குறிப்பதில்லை. வெறும் இடம் நிரப்பி.

அடுத்தது விருப்பம். 'ஜெ வோ பார்தீர்' என்றால் நான் புறப்பட விரும்புகிறேன். 'ஜெ வோ கெ த்யூ பார்த்' என்றால் நீ புறப்பட வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புகிறவரும் புறப்படுகிறவரும் ஒருவரானால் இரு மொழியிலும் சுருக்கமான வடிவம். ஆள் வேறானால் நாம் 'என்று' போட்டு நீட்டுகிறோம், அவர்கள் 'கெ' போட்டு விழைவு வினைக்குப் போகிறார்கள். தமிழில் உங்களுக்கு 'என்று' தேவைப்படுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். தேவைப்பட்டால் பிரெஞ்சிலும் 'கெ' தேவை.

நம் வியங்கோளும் இங்கே வந்து கைகொடுக்கிறது. 'வீவ் லா ஃப்ரான்ஸ்' என்ற கோஷத்தில் வரும் 'வீவ்' விழைவு வினைதான், நம் 'வாழ்க'. 'கில் பார்த்!' என்றால் 'அவன் போகட்டும்!'.

ஐயத்துக்கும் இதே வழி. 'ஜெ பான்ஸ் கில் பார்' என்றால் அவன் புறப்படுகிறான் என்று நினைக்கிறேன். நினைப்பதை உறுதியாகச் சொல்வதால் மெயின் லைன். 'ஜெ ந பான்ஸ் பா கில் பார்த்' என்றால் அவன் புறப்படுவான் என்று நான் நினைக்கவில்லை. உறுதி போய்விட்டது, லூப் லைன். தமிழில் இரண்டுக்கும் 'என்று'தான். இங்கே நம் மொழி உதவாது, பிரெஞ்சைப் பிரெஞ்சாகவே பழக வேண்டும். அதேபோல 'நம்புகிறேன்' என்னும் பொருளில் வரும் 'ஜெஸ்பேர்' விருப்பம் போலத் தோன்றினாலும் மெயின் லைனிலேயே போகும்: 'ஜெஸ்பேர் கில் பார்திரா', அவன் புறப்படுவான் என நம்புகிறேன்.

7. வரும் முன், வந்த பின்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பிரெஞ்சில் 'முன்' என்பதற்கு 'ஆவான் கெ'; அதற்குப் பின் விழைவு வினை வரும். 'பிறகு' என்பதற்கு 'ஆப்ரே கெ'. அதற்குப் பின் சாதாரண வினை வரும். ஏன் இந்த வேறுபாடு என்று வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்பார்கள்.

தமிழில் எப்படிச் சொல்கிறோம்? 'வண்டி புறப்படும் முன் வந்தேன்.' 'வண்டி புறப்பட்ட பின் வந்தேன்.' இரண்டும் நேற்றைய கதைதான். ஆனாலும் 'முன்' என்பதற்கு முன்னால் 'புறப்பட்ட' என்று யாரும் சொல்வதில்லை. 'புறப்படும்' என்றுதான் சொல்வோம். ஏனென்றால் நான் வந்த அந்த நேரத்தில் வண்டி இன்னும் புறப்படவில்லை. அது நிகழாத நிகழ்ச்சி. 'பின்' என்றால் நிகழ்ந்துவிட்டது, அதனால் 'புறப்பட்ட'.

பிரெஞ்சின் நியாயமும் அதே நியாயம். 'ஆவான் கெ லெ த்ரேன் பார்த்': நிகழாதது, விழைவு வினை. 'ஆப்ரே கெ லெ த்ரேன் ஏ பார்தி': நிகழ்ந்தது, சாதாரண வினை. பிரெஞ்சுக்காரரே பலர் 'ஆப்ரே கெ' என்பதற்குப் பின்னும் விழைவு வினையைப் போட்டுவிடுவது உண்டு. 'வந்த பின்' என்று சொல்லிப் பழகியவர் அந்தப் பக்கம் சறுக்க மாட்டார்.

இதே வரிசையில் இன்னும் இரண்டு. 'பூர் கெ' என்றால் 'அதற்காக, அப்படி ஆகும்படி'. 'பூர் கெ லே ஸான்ஃபான் ஆப்ரென் லெ தமூல்': பிள்ளைகள் தமிழ் கற்கும்படி. 'பியேன் கெ' என்றால் 'ஆனாலும்'. 'பியேன் கில் ப்லொவ்': மழை பெய்தாலும். இரண்டுக்கும் விழைவு வினையே.

8. வடிவத்தை எப்படிப் பிடிப்பது?

காதால் பிடிக்க ஒரு சுருக்குவழி உண்டு. 'அவர்கள்' என்பதற்கு வரும் நிகழ்கால வினையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் புறப்படுகிறார்கள் என்பது 'இல் பார்த்'. அவர்கள் முடிக்கிறார்கள் என்பது 'இல் ஃபினீஸ்'. நான், நீ, அவன், அவர்கள் ஆகியோருக்கான விழைவு வினையும் அதே ஒலிதான். 'நாம்', 'நீங்கள்' என்ற இரண்டுக்கு மட்டும் 'யோன்', 'யே' என்ற ஈறுகள் சேரும்.

மனப்பாடமாக வைக்க வேண்டியவை ஏழு: இரு என்பதற்கு 'ஸ்வா', உடைமைக்கு 'ஏ', போ என்பதற்கு 'ஆய்', செய் என்பதற்கு 'ஃபாஸ்', அறி என்பதற்கு 'ஸாஷ்', இயலும் என்பதற்கு 'ப்வீஸ்', விரும்பு என்பதற்கு 'வோய்'. ஐரோப்பியத் தேர்வு நிலைகளில் விழைவு வினை பொதுவாகப் பி1 நிலையில் வருகிறது. அதற்குக் கீழுள்ள ஏ1, ஏ2 நிலைகளில் இருப்பவர்கள் முதல் ஐந்து பகுதிகளை நன்றாகப் பழகிக்கொண்டால் போதும்.

9. இருவழிப் பாதை

தமிழும் பிரெஞ்சும் சந்திப்பது புதிதல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் நம் மலபார்க் கரையின் மாஹியும் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தன. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. அதற்கு நெடுநாள் முன்பே மூசே, துப்புய் என்ற இரு பாதிரியார்கள் புதுச்சேரியில் தமிழ்-பிரெஞ்சு அகராதியை 1855இலும் 1862இலும் இரு பாகங்களாக வெளியிட்டார்கள். பாரிசில் தமிழ் கற்பித்த ஜூலியன் வென்சோன் 1903இல் பிரெஞ்சு மாணவர்களுக்காகத் தமிழ் இலக்கணக் கையேடு எழுதினார். 'வந்த', 'வந்து' என்பவற்றை அவர்கள் பிரெஞ்சின் வழியாக ஏறிவந்து புரிந்துகொண்டார்கள். நாம் இறங்கிப் போகும் பாதை அதே பாதைதான்.

இன்னொரு கதையும் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, ரெயூனியோன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏராளமான தமிழர்கள் போனார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மல்பார்' என்று அழைக்கிறார்கள். நம் மலபாரின் பெயர் அது. ஆனால் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். கோயில் இருக்கிறது, தீமிதி இருக்கிறது, குடும்பப் பெயர்களில் தமிழ் இருக்கிறது. வீட்டுப் பேச்சு கிரயோலும் பிரெஞ்சும் ஆகிவிட்டது. இப்போது அவர்களில் சிலர் தமிழை எழுத்துக்கூட்டிக் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழை விட்டுவிடுகிறீர்களா என்று யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை. தோட்ட வாழ்க்கை முடிவெடுத்தது. நாம் பிளஸ் ஒன் விண்ணப்பத்தில் நம் கையாலேயே எழுதி முடிவெடுக்கிறோம்.

பிரெஞ்சு எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே அறுபதுக்கு மேல் கற்றவன். பத்தாம் வகுப்புவரை தமிழை இலக்கணத்தோடு படித்துவிட்டு, பிறகு பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைக்கு அது எளிதாக வருகிறது. தமிழை அரைகுறையாக நிறுத்திவிட்டுப் போகிற பிள்ளை அங்கே போய் எச்சத்தையும் ஏவலையும் முதலிலிருந்து கற்க வேண்டும். அதையும் மூன்றாவது மொழியான ஆங்கிலத்தின் வழியாக.

வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தைகளுக்கு இதே பாடத்தைத் திருப்பிப் போடலாம். என் பேத்திக்குப் பிரெஞ்சுதான் பள்ளி மொழி. தமிழ் பேசுவாள், ஆனால் 'இறங்கு', 'இறக்கு' இரண்டையும் ஒன்றாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். 'எத்ர் வந்தால் இறங்கு, ஆவ்வார் வந்தால் இறக்கு' என்று தொலைபேசியில் சொன்னேன். அடுத்த வாரம் அவளே தன் அம்மாவைத் திருத்தினாளாம். தாத்தா பாட்டிகள் பிரெஞ்சைச் சரளமாகப் பேச வேண்டியதில்லை. இந்த நாலைந்து ஒப்புமைகளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். பிள்ளைக்குத் தெரிந்த மொழியிலிருந்தே நம் மொழிக்குக் கை பிடித்து அழைத்து வரலாம்.

பயிற்சி

கீழ்க்கண்டவற்றைப் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள். விடையை மூடிக்கொண்டு முயலவும்.

அ) பாட்டி பாடிக்கொண்டே சமைக்கிறாள்.
ஆ) நான் வெளியே போனேன். பெட்டியை வெளியே எடுத்தேன்.
இ) நான் எடுத்த பெட்டி.
ஈ) நீ தமிழ் கற்க வேண்டும்.
உ) வண்டி வந்து சேரும் முன்.

விடைகள்

அ) லா க்ரான்மேர் க்விஸீன் ஆன் ஷான்தான். (வினையெச்சம், பாடுபவளும் சமைப்பவளும் ஒருவரே.)
ஆ) ஜெ ஸ்வி ஸொர்தி. ஜே ஸொர்தி லா வாலீஸ். (முதலாவதில் செயப்படுபொருள் இல்லை, இரண்டாவதில் உண்டு.)
இ) லா வாலீஸ் கெ ஜே ப்ரீஸ். (பெட்டி பெண்பால், முன்னால் வந்துவிட்டது; 'ப்ரி' என்பது 'ப்ரீஸ்' ஆயிற்று.)
ஈ) இல் ஃபோ கெ த்யூ ஆப்ரென் லெ தமூல்.
உ) ஆவான் கெ லெ த்ரேன் ஆரீவ்.

ஐந்தும் சரியாக வந்தால் பிள்ளையின் பாடநூலில் 'பார்திசீப்' பகுதியைத் தைரியமாகத் திறக்கலாம். வராவிட்டால் நான்காம் பகுதியையும் ஏழாம் பகுதியையும் மறுபடி படித்து, வீட்டிலுள்ள ஒருவரோடு வாய்விட்டுச் சொல்லிப் பழகவும்.